விடையின்றி மூடப்படும் முறைப்பாடுகள்

தொண்டர்கள் ஆக்கி எவருக்கும் விலையின்றி வழங்கும் மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் புகழுரைகளாகவே அமைந்துவிடுகின்றன. மூலநிரல் எல்லோர்க்கும் திறந்திருக்கின்றது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆதலால் அது மக்களின் உடைமை என்று கூறி அவ்வெழுத்துகள் நிறைவெய்துகின்றன. அம்மென்பொருளைப் பயன்படுத்தும் ஒருவர் அதிலே ஒரு பிழையைக் கண்டு அறிவிக்கும்போது என்ன நிகழ்கின்றது என்ற வினாவை அவை எழுப்புவதில்லை. திறந்த மூலம் என்னும் பெயர் பொருத்தமானதா என்பதை உரைத்துப் பார்ப்பதற்குரிய கல் அவ்விடத்திலேதான் கிடக்கின்றது.

பிழைக்குக் கணனித்துறைத் தமிழர் இட்டு வழங்கும் பெயர் வழு. ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளாகிய பூச்சியை விடுத்து இலக்கணச் சொல்லைக் கைக்கொண்டமை நல்லதொரு தேர்வாகும். (1947 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணனியொன்றினுள் அகப்பட்ட அந்துப்பூச்சியிலிருந்தே அப்பெயர் பிறந்தது என்ற கதை இன்னும் ஓயவில்லை. எடிசன் 1878 இலேயே தம் கடிதமொன்றில் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கின்றார்.) தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் முதலாகச் சொல்லிலக்கணத்தின் பெரும்பகுதி வழுவாமற் காத்தலையே கருத்தாகக் கொண்டது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும். இவற்றுள் வினாவும் விடையும் இடம்பெற்றிருப்பது மனங்கொள்ளத் தக்கது. பேசப்படும் பொருளில் மட்டுமன்றி, கேட்கும் முறையிலும் மறுமொழி கூறும் முறையிலும் வழு நேரும் என்பதை இலக்கணகாரர் கண்டிருந்தனர். தொண்டர் மென்பொருள்களை இன்று பீடித்துள்ள நோய் நிரலில் உள்ள வழுவிலும் பார்க்க, விடை வழுவே எனலாம்.

இது எங்கோ மேல்நாட்டில் நிகழும் விவகாரம் என்று மட்டக்களப்பில் எவரும் ஒதுக்கிவிட இயலாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்றபின், இலங்கையின் மென்பொருளாளர்கள் தொண்டர்களாகக் கூடிச் சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் ‘சஹன’ என்பது அதன் பெயர். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்தும் பகுதி என்பன அதில் அடங்கியிருந்தன. அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இல் பிலிப்பைன்சின் மண்சரிவின்போதும், 2010 இல் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூக நன்மை விருதை அதற்கு வழங்கிற்று. இந்நாட்டின் துயரொன்றிலிருந்து பிறந்து உலகின் பிற துயர்களுக்கு உதவிய ஆக்கம் என்ற வகையில் அது பெருமைக்குரியதே.

காணாமற்போனோர் பதிவேடு என்ற அந்த ஒரு பகுதியை மட்டும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ்ப் பெயரொன்று ஆங்கில எழுத்தில் பல உருவம் கொள்ளும். ழகரத்துக்கு ஒருவர் எழுதும் எழுத்தை மற்றொருவர் எழுதார். தகரத்துக்குப் பின் ‘எச்’ இடுவோரும் உளர், இடாதோரும் உளர். நெடிலை இரட்டிப்போரும் உளர், விடுவோரும் உளர். முகாமொன்றிலே தாயொருத்தி தன் பிள்ளையின் பெயரைச் சொல்ல, பதிபவர் ஒருவாறு எழுதுகின்றார். வைத்தியசாலையில் அதே பிள்ளையின் பெயரை மற்றொருவர் வேறுவாறு எழுதுகின்றார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருள் இவ்விடத்தில் ‘இல்லை’ என்றே விடை கூறும். நிரல் எழுதியவர் கருதியபடி அது செவ்வனே இயங்கியிருக்கின்றது. அவருடைய மேசையில் எத்தனை முறை சோதித்தாலும் குறை தென்படாது. குறையைக் காணத்தக்க நிலையில் இருப்பவர்கள் முகாம் மேசைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள இருவரே. அவர்கள் கண்டதை யாரிடம் சொல்வது, சொன்னதை யார் எழுதிக்கொள்வது, எழுதியதை யார் படித்து மறுமொழி கூறுவது என்பன நிரலாக்கத்தின் புறத்தே நிற்கும் சில்லறை வேலைகள் என்று கருதுவோர் இவ்வுதாரணத்துக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

அவ்வேலை யாது என்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குதல் தகும். தொண்டர் திட்டங்கள் பல வழுக்களுக்கென ஒரு பொதுப் பதிவேட்டை வைத்திருக்கின்றன. நெற்ஸ்கேப் நிறுவனம் 1998 இல் தன் உலாவியின் மூலநிரலை வெளியிட்டபோது உருவாகிய மொசில்லாத் திட்டம், அவ்வாண்டிலேயே ‘பக்சில்லா’ என்னும் பதிவேட்டு மென்பொருளையும் உலகுக்கு அளித்தது. முறைப்பாடு ஒவ்வொன்றும் ஓர் எண்ணைப் பெறும். அதனைப் படிப்பவர், அது முன்னரே பதியப்பட்டதா என்று தேடுவார். அறிவித்தவர் சொன்னபடியே செய்து பார்த்து அவ்வழு மீளத் தோன்றுகின்றதா என்று சோதிப்பார். எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில் என்று கேட்பார். தீங்கின் அளவைக் குறிப்பார். உரிய பகுதியினரிடம் சேர்ப்பிப்பார். ஈற்றில் ‘திருத்தப்பட்டது’, ‘வழு அன்று’, ‘திருத்தப்படாது’, ‘முன்னரே உள்ளது’, ‘என்னிடத்தில் இயங்குகின்றது’ என ஐந்து தீர்ப்புகளுள் ஒன்று எழுதப்படும். ‘திருத்தப்படாது’ என்ற தீர்ப்பைக் கண்டு சினப்பவர் உளர். வழு என ஒப்புக்கொண்டு, காரணம் கூறி அமைத்துக்கொள்வதைத் தமிழ் இலக்கணம் வழுவமைதி என்றது. பசுவை உவப்பினால் ‘அம்மை’ என்பது திணை வழுவாயினும் அமைக்கப்படுகின்றது. உவப்பு என்ற காரணம் அங்கே சொல்லப்பட்டிருக்கின்றது. காரணம் சொல்லப்படாத அமைதியை இலக்கணம் அறியாது.

இவ்வரிசைப்படுத்தலைத் தரம் பிரித்தல் என்பர். நெப்போலியனின் படையிலே பணிபுரிந்த லாரே என்ற சத்திரசிகிச்சையாளர், காயமுற்றோரை அவர்தம் பதவியை நோக்காது காயத்தின் கடுமையை நோக்கி வரிசைப்படுத்திய முறையிலிருந்து வந்தது இது. உரத்த குரல் வேறு, ஆழ்ந்த காயம் வேறு. வாவியை அண்டி வாழ்வோர்க்கு இது புதிதன்று. மாரியில் வெள்ளம் பெருகும்போது படுவான்கரை வயல்காரர் முகத்துவாரத்தை வெட்டிவிடுமாறு கேட்பர். வாவியிலே வலை வீசுவோரின் கணக்கு வேறாக இருக்கும். எந்த நாளில் வெட்டுவது என்ற முடிவை, கச்சேரி வாயிலில் திரண்டோரின் தொகையைக் கொண்டு எடுத்தால் நெல்லும் போகும், மீனும் போகும். நீர்மட்டத்தை அளப்பவர் ஒருவர் வேண்டும். இரு திறத்தாரின் சொல்லையும் கேட்டு எழுதிக்கொள்பவர் ஒருவர் வேண்டும்.

முறைப்பாட்டாளரிடத்துக் குற்றமே இல்லை என்பது இதன் கருத்தன்று. ‘வேலை செய்யவில்லை’ என்ற இரு சொற்களை எழுதிவிட்டு மறுநாள் விடை எங்கே என்று அதட்டுவோர் எல்லா நாட்டிலும் உளர். நன்னூலார் விடையை எட்டு வகையாக வகுத்தார். அவற்றுள் ஒன்று உற்றதுரைத்தல். தனக்கு நேர்ந்ததை நேர்ந்தவாறே சொல்வது அது. நல்ல வழு அறிக்கை என்பது முற்றிலும் உற்றதுரைத்தலே: இன்னது செய்தேன், இன்னது நிகழும் என எதிர்பார்த்தேன், இன்னது நிகழ்ந்தது. காரணத்தை ஊகித்து எழுதுவதும், ஆக்கியோனின் அறிவை அளவிடுவதும், அரசாங்கத்துக்கு மனு எழுதும் பாங்கில் நான்கு பந்தி முன்னுரை இடுவதும் அதனுள் அடங்கா.

இனி, மறுதரப்பாரின் வாதங்களை நோக்கலாம்.

முதலாவது, தொண்டன் எவருக்கும் கடன்பட்டவன் அல்லன் என்பது. இதிலே பேருண்மை ஒன்று உண்டு; அதனை மறைத்து வாதிடுதல் நேர்மையாகாது. உலகின் இணையத் தொடர்புகளிற் பெரும்பகுதிக்கு மறைகுறி வழங்கிய ஓப்பின்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014 ஏப்பிரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் வழு, 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்தே அங்கு இருந்தது. அத்திட்டத்துக்கு அக்காலத்தில் ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2000 டொலர்; முழுநேரம் உழைத்தவர் ஒருவர். பல கண்கள் பார்த்தால் எவ்வழுவும் தப்பாது என்று 1990களின் பிற்பகுதியில் எரிக் றேமண்ட் முன்வைத்த கோட்பாட்டுக்கு அது பேரிடியாயிற்று. கண்கள் பலவாயினும் அவை அப்பக்கம் திரும்பவில்லை.

முறைப்பாடே படைக்கலமாக மாறிய வரலாறும் உண்டு. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளைத் தனியொருவராகப் பேணிவந்தவர்மீது 2022 இல் முன்பின் அறியாத பெயர்களிலிருந்து முறைப்பாடுகள் வந்து குவிந்தன: மறுமொழி தாமதம், திருத்தம் தாமதம், உதவியாளரைச் சேர்த்துக்கொள்ளலாகாதா. சோர்வுற்றிருந்த அவர் உதவ முன்வந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். அவ்வுதவியாளரே பின்னர் அதனுள் களவாயிலொன்றை வைத்தார். 2024 மார்ச் 29 ஆம் திகதி அதனை வெளிப்படுத்திய அந்திரேஸ் பிறோயின்ட் என்னும் பொறியியலாளர், கணனியினுட் புகும்போது அரைச் செக்கன் தாமதம் நேர்வதைக் கண்டு, அது ஏன் என்று விடாது தேடிச் சென்றவர். மேலும், கேர்ள் என்னும் மென்பொருளின் பராமரிப்பாளர்கள், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு புனையப்பட்ட பொய் அறிக்கைகளைப் படித்துப் படித்துச் சலித்து, பாதுகாப்பு வழுக்களைக் கண்டறிவோர்க்கு 2019 முதல் வழங்கிவந்த பணப்பரிசை 2026 சனவரியுடன் நிறுத்திவிட்டனர்.

இவை யாவும் மெய். ஆயினும் இவற்றிலிருந்து பெறப்படுவது, முறைப்பாட்டைக் கேட்க வேண்டியதில்லை என்ற முடிபா? எக்ஸ்இசட் வீழ்ந்தது கேட்க ஆளின்றித் தனித்து நின்றமையால். காப்பாற்றப்பட்டது ஓர் அரைச் செக்கனைப் பொருட்படுத்திய ஒருவரால். நிரல் எழுதுபவரே முறைப்பாட்டையும் படித்து, விடையும் எழுதி, பொய்யையும் பிரித்தல் வேண்டும் என்ற ஏற்பாடுதான் இங்கே குற்றவாளி. கடன் இல்லை என்று கூறித் தொண்டர் கையை உதறிக்கொள்வதனால் அவ்வேற்பாடு சற்றும் மாறாது. தவிரவும், பதிவேட்டைத் திறந்து வைத்து ‘வழுக்களை இங்கே அறிவியுங்கள்’ என்று எழுதியவர் வாக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டார். வாக்கைக் காக்க இயலாவிடின் பதிவேட்டை மூடி, ‘இம்மென்பொருளுக்கு மறுமொழி கிடையாது’ என்று வெளிப்படையாக எழுதிவிடலாம். அதிலே இழுக்கு எதுவும் இல்லை. சிலர் அவ்வாறு செய்தும் இருக்கின்றனர்.

இரண்டாவது வாதம், குறை கண்டவரே திருத்தத்தையும் எழுதித் தரட்டும் என்பது. பெரும்பாலும் பணிவான சொற்களிலே இது சொல்லப்படும். ‘திருத்தங்கள் வரவேற்கப்படுகின்றன’ என்பர். முகாம் மேசையில் நின்ற தாயிடம் இதனைச் சொல்ல முடியுமாயின் சொல்லட்டும்.

மூன்றாவதுதான் இன்று மிகப் பரவியுள்ளது. மிகக் கொடியதும் அதுவே. குறித்த நாள்வரை எவரும் பேசாதிருந்த முறைப்பாடுகளை மனிதக் கை படாமலே மூடிவிடும் தானியங்கிகளைத் திட்டங்கள் பல அமர்த்தியிருக்கின்றன. ‘நெடுங்காலம் அசைவின்றி இருந்தமையால் இது மூடப்படுகின்றது’ என்ற வாசகம் அறிவித்தவருக்குச் சென்று சேரும். பேசாதிருந்தவர் யார் என்பதை அவ்வாசகம் கவனமாக மறைக்கின்றது. அறிவித்தவர் தம் பங்கைச் செய்துவிட்டார், மௌனம் திட்டத்தாருடையது. தம் மௌனத்தையே சான்றாகக் காட்டித் தாமே தீர்ப்புச் செய்யும் இம்முறையை எந்த நீதிமன்றம் ஏற்கும்? பதிவேட்டில் திறந்த முறைப்பாடுகளின் தொகை குறைவதால் திட்டம் நலமுற்றிருப்பது போன்ற தோற்றம் உண்டாகும். வழு தன் இடத்திலே அப்படியே இருக்கும். அடுத்து அதிலே இடறுபவர் தேடிப் பார்த்து, ‘மூடப்பட்டது’ என்ற சொல்லைக் கண்டு, திருத்தப்பட்டுவிட்டதென மயங்குவார். அல்லது மீண்டும் அறிவித்து மீண்டும் மூடப்படுவார். பழைய முறைப்பாடுகள் பராமரிப்பாளரின் மனத்தை அழுத்துகின்றன என்பது உண்மைதான். அழுத்தம் தாளாவிடின் ‘இதனைத் திருத்த எங்களிடம் ஆளில்லை’ என்று ஒரு வரி எழுதித் திறந்தபடியே விடலாம். பழந்தமிழ்ப் பதிப்புகளின் ஈற்றிலே பிழைதிருத்தம் என்று ஒரு பக்கம் சேர்த்த பதிப்பாசிரியர்கள், அச்சேறிய பக்கங்களை மாற்றும் வல்லமை தங்களிடம் இல்லாத நிலையிலேயே அதனைச் செய்தனர். பிழை இருக்கின்றது என்பதை அறிவிப்பதும் வாசகருக்குச் செய்யும் பணியே என அவர்கள் கருதினர்.

இம்மூன்று வாதங்களும் தமிழைப் பொறுத்தவரை இருமடங்கு தீமை பயப்பன. ‘என்னிடத்தில் இயங்குகின்றது’ என்ற தீர்ப்பைத் தமிழ் வழுக்கள் பெறுவது எளிது; ஏனெனில் தீர்ப்பெழுதுபவரின் கணனியில் தமிழ் இருப்பதில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்று எழுத்து என்பது சிறுவரும் அறிந்தது. ஒருங்குறி முறையில் அது ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுவதால், எழுத்தை எண்ணும் மென்பொருள்கள் பல ஐந்து என்கின்றன. ஒரு விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு இருபது இடம் என்று வகுத்தால், ஆங்கிலத்தில் அடங்கும் பெயர் தமிழில் இடையே அறுபடுவதற்குக் காரணம் இது. இதனிலும் நுட்பமானது ‘ஸ்ரீ’ என்ற எழுத்து. 2005 வரை அது ஸகரத்தை முதலாகக் கொண்டு எழுதப்பட்டது. அவ்வாண்டில் ஒருங்குறியில் ‘ஶ’ சேர்க்கப்பட்டபின் அதனை முதலாகக் கொண்டும் எழுதப்படுகின்றது. திரையிலே இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணனிக்கு அவை இரு வேறு சொற்கள். ஸ்ரீலங்கா என்று ஒருவர் தேடினால், மற்றவாறு எழுதப்பட்ட ஸ்ரீலங்கா அகப்படாது போகலாம். நாட்டின் பெயரே நாட்டில் அகப்படாத இவ்வழுவைத் தமிழ் அறியாத ஒருவர் எங்ஙனம் காண்பார்? கண்ணுக்குப் புலனாகும் வேறுபாடு எதுவும் இல்லையே. ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டெழுதுவோரால் விளையும் குழப்பமும் இத்தகையதே.

இவற்றுக்கு முழுப்பொறுப்பையும் பிறர்மீது சுமத்துவதும் பொருந்தாது. இலங்கைத் தமிழர் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலே தட்டெழுதினர். எழுத்துரு இல்லாத கணனியில் அவ்வாவணங்கள் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தோன்றும். ஒருங்குறி வந்த பின்னரும், தமிழ் உடைந்து தோன்றும் இடத்தில், ‘இதில் தமிழ் ஒழுங்காக வராது’ என்று தமக்குள் கூறிக்கொண்டு படத்தையோ ஆங்கிலத்தையோ நாடுவதே வழக்கமாயிற்று. முறைப்பாடு பதியப்படுவதில்லை. பதிவேட்டில் தமிழ் வழு இல்லை. ஆகவே தமிழில் வழுவில்லை என்று பராமரிப்பாளர் கொள்வதை எவ்வாறு குறை கூறுவது? பதிவேடு ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடை என்பர். அது மெய்த்தடை, ஆயின் மொழிபெயர்த்துக் கொடுக்க வல்லார் பல்கலைக்கழகங்களிலே உளர்.

கணனி விஞ்ஞான மாணவரின் வேலை இது என்று கலைப்பீடத்தார் ஒதுங்குவது இக்காரணத்தாலேயே ஏற்கத்தக்கதன்று. ஒரே பிழையின் இரு வடிவங்களை ஒன்றெனக் காண்பதும், பாடவேறுபாடுகளை ஒப்புநோக்குவதும், ஒருவர் சொன்னதிலிருந்து அவர் சொல்லக் கருதியதைப் பிரித்தெடுப்பதும், மறுப்பைக் காரணத்துடன் பண்பாக எழுதுவதும் எந்தப் பீடத்தின் பயிற்சி? காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகவும் ஒருங்கே விளங்கி, 1930களில் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க முயற்சியிலே தலைமைப் பங்கு கொண்டவர். அவர் பிறந்த மண்ணிலுள்ள வந்தாறுமூலை வளாகத்தில் இவ்விரு துறையும் அடுத்தடுத்த கட்டடங்களில் இருந்தும் ஒன்றையொன்று காணாதிருப்பின் அது விந்தையே.

செய்யத்தக்கது சிறிது. தமிழ்ச் சங்கம் ஒரு குறிப்பேட்டைத் திறந்து, மாணவரும் ஊரவரும் பிரதேச செயலக எழுதுவினைஞரும் காணும் தமிழ் வழுக்களைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். ‘எழுத்து உடைகின்றது’ என்று ஒருவர் சொன்னால், எந்த எழுத்து, எந்த எழுத்துரு, கைத்தொலைபேசியிலா கணனியிலா, அச்சிலும் உடைகின்றதா திரையில் மட்டுமா என்று கேட்டு எழுதுதல் வேண்டும். வேறொரு கணனியில் அதனைச் செய்து பார்த்தல் வேண்டும். முன்னரே பதியப்பட்டுள்ளதா என்று தேடி, இல்லையெனில் ஆங்கிலத்தில் எழுதி உரிய திட்டத்துக்கு அனுப்பி, கிடைத்த எண்ணைக் குறிப்பேட்டில் பதிந்து, ஆறு மாதத்தில் தானியங்கி அதனை மூடவரும்போது ‘வழு இன்னும் உள்ளது’ என்று மறுமொழி எழுத ஒருவரை நியமித்தல் வேண்டும். முதலில் அனுப்பப்பட வேண்டியவற்றுள் ‘ஸ்ரீ’ பற்றிய முறைப்பாடும் ஒன்று. எந்தெந்த மென்பொருளில் தேடல் தவறுகின்றது என்பதை ஒரு பிற்பகலில் சோதித்துப் பட்டியலிட்டுவிடலாம்.